ஒன்பது பழைய கம்ப்யூட்டர், எந்த லினக்ஸ்?

2025 தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒன்பது டெஸ்க்டாப் வந்து இறங்கியது. ஒரு கல்லூரி லேபில் கழித்தவை சில, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மாற்றியவை சில. வரிசையாக மேசையில் ஏற்றி வைத்துப் பார்த்தபோது மனசு நிறைந்தது. அதே வாரத்தில்தான், அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான அப்டேட்டும் முடிந்தது.

இங்கே வருகிற பிள்ளைகளின் தேவை பெரிதல்ல. போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், போட்டோவையும் கையெழுத்தையும் கேட்ட கேபி அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும், பழைய வினாத்தாள் பிடிஎஃப் படிக்க வேண்டும், யூடியூபில் பாடம் பார்க்க வேண்டும், தமிழ் டைப்பிங் பழக வேண்டும். இதற்கு எந்த ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடுவது என்று முடிவெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எதை எதோடு ஒப்பிட்டேன், எதை ஏன் ஒதுக்கினேன் என்பதை எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ வீட்டுப் பரணிலோ இதே மாதிரி மெஷின்கள் இருக்கலாம்.

ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நோட்டில் எழுதினோம். 1 ஜிபி ரேமோடு பென்டியம் 4 ஒன்று. பென்டியம் டூயல் கோர் சிப்பும் ஜி31 மதர்போர்டும் 2 ஜிபி டிடிஆர்2 ரேமும் உள்ளவை நான்கு. இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 உள்ளவை மூன்று. கடைசியாக ஆறாம் தலைமுறை ஐ5 ஒன்று, 8 ஜிபியோடு. அதை அலுவலகக் கணக்குக்கு என்று தனியே வைத்துவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கடைசி முடிவை அதுதான் தீர்மானித்தது. நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், மாதத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவேன். மற்ற நாளெல்லாம் இந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளப் போவது படிப்பகத்தின் பொறுப்பில் இருக்கும் தங்கை ஒருத்திதான். பி.ஏ. தமிழ் படித்தவள். கெட்டிக்காரி. ஆனால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸை அதுவரை பார்த்ததில்லை.

விண்டோஸிலேயே விட்டால் என்ன?

முதலில் எல்லாரும் கேட்டது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். டெஸ்க்டாப்புக்கான எட்டாம் தலைமுறை சிப்புகள் சந்தைக்கு வந்ததே 2017 அக்டோபரில்தான். எங்கள் ஒன்பதில் ஒன்றுகூடத் தேறாது.

குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்று சர்வீஸ் பண்ணுகிற நண்பர் சொன்னார். ஐ3 மெஷினில் ஏற்றவும் முடியும். டூயல் கோரில் அதுவும் முடியாது, ஏனென்றால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத சிப்பில் அது பூட் ஆகவே (தொடங்கவே) ஆகாது. ஏற்றினாலும், தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10க்கே 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் வாங்க வழி உண்டு, அதற்கு ஒழுங்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த ஒன்பதில் எட்டில் இருந்தது, லைசென்ஸ் இல்லாமலே இயங்கவைக்கும் ஆக்டிவேட்டர் ஓட்டி வைத்த விண்டோஸ்.

இது எனக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. எங்கிருந்தோ இறக்கிய ஆக்டிவேட்டருக்கு அட்மின் அனுமதி கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். அதில் வேறென்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த மெஷினில்தான் ஒரு பிள்ளை தன் ஆதார் எண்ணை அடிக்கப்போகிறது, அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து தேர்வுக் கட்டணம் கட்டப்போகிறது. இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கிற ஒன்று இருக்கும்போது திருட்டு ஓஎஸ்ஸில் பிள்ளைகளை உட்காரவைக்க மனம் ஒப்பவில்லை. சரி, லினக்ஸ்தான். அதில் பல வகை உண்டு. எந்த லினக்ஸ்?

ரேம் முதலில், லினக்ஸ் அப்புறம்

பழைய மெஷின் என்றதும் ‘இருப்பதிலேயே லேசானது எது’ என்றுதான் எல்லாரும் தேடுவார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஒரே பென்டிரைவில் வென்டாய் போட்டு, நாலைந்து லினக்ஸ் கோப்புகளை அதில் அப்படியே காப்பி செய்துகொண்டேன். வென்டாய் உள்ள பென்டிரைவில் பூட் செய்தால் எதை ஓட்டுவது என்று பட்டியல் காட்டும், ஒவ்வொரு முறையும் பென்டிரைவை அழித்து எழுத வேண்டியதில்லை. டிஸ்க்கில் எதையும் தொடாமல் லைவாக ஓட்டிப் பார்க்கலாம்.

பூட் ஆகி எதையும் திறக்காமல் இருக்கும்போது ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகை சுமார் 250 எம்பி ரேம் எடுத்தது. லுபுண்டு 500 எம்பியைத் தொட்டது. லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரைத்தோற்றம் உள்ள பதிப்பு 750 எம்பி வாக்கில் நின்றது. அதே மின்ட்டின் சினமன் பதிப்பு 1 ஜிபியைத் தாண்டியது. இதை மட்டும் பார்த்தால் ஆன்டிஎக்ஸுக்குத்தான் மாலை போட வேண்டும். பிறகு ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, ஒரு விண்ணப்பப் பக்கம், ஒரு ஜிமெயில், ஒரு யூடியூப் என மூன்று டேப் போட்டேன். எல்லாவற்றிலும் கூடுதலாக ஒன்றரை ஜிபி வரை ஏறிப்போனது. ஓஎஸ்ஸுக்கும் ஓஎஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் அரை ஜிபியைப் போல மூன்று பங்கை பிரவுசர் ஒன்றே விழுங்குகிறது.

அதனால் 2 ஜிபி மெஷினில் அந்த அரை ஜிபி உயிர்நாடி. 4 ஜிபி மெஷினில் அது ஒரு பொருட்டே இல்லை. ஜி31 போர்டு அதிகபட்சம் 4 ஜிபி தாங்கும், இரண்டு ஸ்லாட்டிலும் ஆளுக்கு 2 ஜிபி. பழைய டிடிஆர்2 ரேம் செகண்ட் ஹேண்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. நான்கு மெஷினுக்கும் வாங்கிப் போட்டோம். ஸ்லாட்டில் செருகும் முன் தகட்டை அழிப்பான் ரப்பரால் தேய்த்துத் துடைத்ததில், செத்துப்போனதாக ஒதுக்கிவைத்த இரண்டு ரேம் உயிர் பெற்றன.

அடுத்தது எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு. பதினைந்து வருட ஹார்ட் டிஸ்க்கில் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் திறக்க அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜி31, எச்61 இரண்டிலும் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்டுக்கு மேல் போகாது. அதனால் கடைக்காரர் காட்டுகிற விலை கூடிய வேகமான எஸ்எஸ்டி இவற்றுக்கு வீண், இருப்பதிலேயே சாதாரணமான 120 ஜிபி போதும். அதைப் போட்ட பிறகு டூயல் கோர் மெஷின் புது மெஷின் மாதிரியே பூட் ஆனது. கையில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தால் ‘எந்த லினக்ஸ்’ என்ற யோசனையை இரண்டு நாள் தள்ளிவைத்து, முதலில் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் செலவு செய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வாரத்தை இழந்தேன்.

கூடவே சிமாஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அந்த 2032 வட்டச் செல் தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லாத இணைப்பு என்று பிரவுசர் மறுக்கும். ஓஎஸ் சரியில்லை என்று பழி வந்து சேரும்.

டூயல் கோர் நான்குக்கும் எது?

இங்கேதான் அதிகம் குழம்பினேன். முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்களில் 32 பிட் விண்டோஸ் 7 இருந்ததால் இவை 32 பிட் மெஷின்கள் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. டெஸ்க்டாப்புக்கு வந்த கோர் 2 டூவோ, பென்டியம் டூயல் கோர் இ வரிசை எல்லாமே 64 பிட் சிப்புகள்தான். ரேம் குறைவு என்று 32 பிட் ஓஎஸ் போட்டு வைத்திருந்தார்கள். இது தெரியாமல் 32 பிட் லினக்ஸ் தேடிப் போனால் சந்து முட்டி நிற்கும், ஏனென்றால் அந்தப் பாதையை எல்லாரும் மூடி வருகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தபோது 32 பிட் இன்ஸ்டாலரைக் கைவிட்டுவிட்டது. 32 பிட் லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிற்கிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140 மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது ஓடும்.

ஆன்டிஎக்ஸ் கிரேக்கத்திலிருந்து வருவது. 512 எம்பி ரேமே அதன் பரிந்துரை. டெஸ்க்டாப்பாக, அதாவது திரைத்தோற்றமாக, ஐஸ்டபிள்யூஎம்தான் வரும், சுண்டிவிட்டால் திறக்கும் வேகம். ஒரு சனிக்கிழமை முழுக்க அதை ஓட்டவிட்டு, பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெனுவில் ஒரே வேலைக்கு மூன்று நான்கு செயலிகள், ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனிப் பெட்டி. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பென்டிரைவைச் செருகிய ஒரு பையன் அதை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பத்து நிமிடம் சுற்றிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவனை மறுபடி கூட்டிவந்து காட்ட வேண்டியிருந்தது. கேட்கத் தயங்குகிற பிள்ளைகள் வருகிற இடம் இது. அவர்களைத் திகைக்க வைக்கிற திரை இங்கே ஆகாது.

லுபுண்டு பார்க்க எளிது, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்பின் கீழே பட்டையும் மூலையில் மெனுவும் விண்டோஸ் பழகியவர்களுக்குப் பழக்கமான இடத்தில் இருக்கும். வேகத்திலும் குறையில்லை. தயங்கவைத்தது காலம்தான். லுபுண்டு, அதன் உடன்பிறப்பான சுபுண்டு இரண்டின் நீண்டகாலப் பதிப்புக்கும் மூன்று வருட ஆதரவுதான். அதனால் 24.04 பதிப்பு 2027 ஏப்ரலில் முடியும். மின்ட் 22 வரிசையும், லுபுண்டுவைப் போலவே, உபுண்டு என்ற லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டியதுதான், ஆனால் 2029 வரை அப்டேட் உண்டு. ஏழு மெஷினை ஒன்றரை வருடத்தில் மறுபடி மேம்படுத்துவதா, மூன்றரை வருடம் கழித்தா என்று யோசித்தால் பதில் தானாக வருகிறது.

டெபியனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை, என் வீட்டு மெஷினில் அதுதான் இருக்கிறது. டெபியன் 13க்கு நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரை. இந்த ஒப்பீட்டில் அதற்குத்தான் ஆயுள் அதிகம். எந்தக் கம்பெனியின் கையிலும் இல்லாமல் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது என்பதும் எனக்குப் பெரிய மரியாதை. டெபியன் 12இலிருந்து, வைஃபை மாதிரியான வன்பொருளுக்குத் தேவைப்படும் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருவதால் பழைய தலைவலியும் போய்விட்டது. போடும்போது எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே ஆள் உட்காருகிற வீட்டு மெஷின், 2 ஜிபிக்கு மேல் ரேம் ஏற்ற வழியில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டெபியனும் எல்எக்ஸ்க்யூடியும் போடுங்கள், கூடவே இசட்ரேம் வைத்துக்கொள்ளுங்கள். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கிச் சேமிக்கும் ஏற்பாடு அது, 2 ஜிபியில் மூச்சு முட்டுவது குறையும். படிப்பகத்துக்கு ஏன் டெபியன் வேண்டாம் என்று முடிவெடுத்தேன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

பாஸ் லினக்ஸ் போடலாமே என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது, 2007இல் முதலில் வந்தது, 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்ததும் அதுதான். எங்கள் ஊரில் முப்பது வயதுக்காரர்கள் பலர் முதன்முதலில் பார்த்த லினக்ஸ் பாஸ்தான். அதன்மேல் எனக்கு அன்பு உண்டு. ஆனால் அதன் அடித்தளம் டெபியன். டெபியனில் புதிய பதிப்பு வந்து, அதன் மேல் பாஸ் கட்டப்பட்டு, பிறகுதான் நம் கைக்கு வரும். தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் இன்று எல்லா லினக்ஸிலும் கிடைக்கும்போது, மூலத்துக்கு அருகில் இருப்பதே நல்லது.

ஐ3 மூன்றும் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸும்

ஐ3 மெஷினில் எதையும் போடலாம், எல்லாம் ஓடும். இங்கே எனக்குச் சபலம் தந்தது கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ். 4 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் போதும். அப்டேட் தானாக நடக்கும், யாரும் எதையும் கெடுக்க முடியாது, விருந்தினராக நுழைந்து வெளியேறினால் தடயம் எல்லாம் அழிந்துவிடும். தமிழ்99 விசைப்பலகைகூட உண்டு. பொது இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

வேண்டாம் என்று சொன்னதற்கு மூன்று காரணம். நெட் இல்லாத நாளில் அந்த மெஷினில் செய்ய அதிகம் எதுவும் இல்லை, எங்கள் ஊரில் மழைக்காலத்தில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய. கூகுள் சரிபார்த்துப் பட்டியலிட்ட மாடல்களில் கடையில் அசெம்பிள் செய்த மெஷின்கள் வராது, நாளை ஓர் அப்டேட்டில் திரை வராமல் போனால் கேட்க ஆளில்லை. மூன்றாவது என் மனசுக்குப் பட்டது. ஓப்பன் சோர்ஸ் அடித்தளத்தில் கட்டியிருந்தாலும் நம் கைக்கு வரும் ஃப்ளெக்ஸ் முழுதாகத் திறந்த மென்பொருள் இல்லை. திறந்து பார்க்க விரும்புகிற ஒரு பிள்ளைக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட முடிகிற கம்ப்யூட்டராக இது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மின்ட்டில் சினமனா எக்ஸ்எஃப்சிஇயா என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. சினமன் அழகு, ஆனால் கிராஃபிக்ஸிடம் அதிகம் கேட்கும். ஐ3 தாங்கியது, ஜி31 போர்டில் ஜன்னலை நகர்த்தினாலே திணறியது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தவை

வந்த மெஷின்களை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் டி டிரைவைப் பார்த்தேன். அப்போது ஒன்றில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்தது. யார் யாருடையதோ ஆதார் நகல்கள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், ஒரு திருமண அழைப்பிதழ், ஒருவரின் மருத்துவ ரிப்போர்ட். எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தோம். அன்று இரவுதான் எனக்குப் புரிந்தது, பலர் உட்காருகிற மெஷினுக்கு ஓஎஸ் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது வேகத்தைப் பற்றிய கேள்வி அல்ல. ஒரு பிள்ளை எழுந்து போன பிறகு அதன் காகிதங்கள் என்ன ஆகின்றன என்பதுதான்.

இந்தக் கேள்வியோடு திரும்பப் போய்ப் பார்த்தபோது படம் மாறியது. மின்ட்டில் உள்நுழைவுத் திரைக்கான அமைப்பில் விருந்தினர் கணக்கை அனுமதிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் நுழையலாம். வெளியேறும்போது இறக்கிய கோப்பு, பிரவுசர் வரலாறு, லாகின் எல்லாம் அழிந்துவிடும். டெபியனில் இது தயாராக வருவதில்லை. உபுண்டு ஒரு காலத்தில் இதே வசதியை வைத்திருந்து பின்னால் நிறுத்திவிட்டது. டெபியனில் நானே எழுதி உண்டாக்கிவிட முடியும், ஆனால் நான் திருச்சியில் இருக்கும்போது அது பழுதானால் தங்கையால் சரிசெய்ய முடியாது. மின்ட்டில் அது ஒரு பொத்தான்.

இதில் ஒரு வருத்தமும் நடந்தது. இரண்டாவது வாரம் ஒரு மாணவி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பக் கடிதமும் சுயவிவரமும் அடித்து மெஷினிலேயே சேமித்துவிட்டு, வெளியேறிச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது எதுவும் இல்லை. தவறு எங்களுடையது, நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். நானும் தங்கையும் அவளோடு உட்கார்ந்து மறுபடி அடித்துக் கொடுத்தோம். அன்றே ஒவ்வொரு மானிட்டரின் கீழும் பெரிய எழுத்தில் ஒட்டினோம்: ‘எழுந்து போகும் முன் பென்டிரைவில் அல்லது உங்கள் மெயிலில் சேமியுங்கள். வெளியேறினால் எல்லாம் அழிந்துவிடும்.’

தமிழ் டைப்பிங்

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சரியாகச் சொல்லாவிட்டால் லினக்ஸில் தமிழே வராது என்று ஊர் முடிவு கட்டிவிடும். லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று நேரடியாகவே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘க’வை இரண்டு முறை தட்டினால் ‘கக’ என்றுதான் வரும். தமிழ்99 பழகியவர் ‘க்க’ வரும் என்று எதிர்பார்ப்பார், ஏனென்றால் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் தானாகப் புள்ளி விழுவது அந்த முறையின் உயிர். அந்தப் பட்டியலில் இருப்பது விசைக்கு ஓர் எழுத்து என்று பொருத்துவது மட்டுமே செய்யும், முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாது. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டு, அதோடு எம்17என் தொகுப்பையும் சேர்க்க வேண்டும். அதிலுள்ள தமிழ்99 சரியாக வேலை செய்யும். ஒலிபெயர்ப்பு முறையும் டைப்ரைட்டர் முறையும் அதிலேயே உண்டு.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்துருக் கோப்பைக் காப்பி செய்து நிறுவினால் லிப்ரே ஆஃபிஸில் அப்படியே தெரியும். பாமினியில் கை பழகியவர்கள் ஆங்கில விசைப்பலகையில் வைத்து அதே மாதிரி அடிக்கவும் செய்யலாம்.

விருந்தினர் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதால் தமிழ் அமைப்பும் கூடவே அழிந்துபோகும் என்பதை ஒரு நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு கணக்கில் ஐபஸ், எழுத்துரு, பிரவுசர் எல்லாவற்றையும் சரியாக அமைத்து, விருந்தினருக்கான மாதிரி ஃபோல்டரில் அதை வைத்துவிட்டால், ஒவ்வொரு விருந்தினரும் அதன் நகலாகத் தொடங்குவார். அந்த மாதிரியிலேயே யூடியூபிடம் எச்264 என்ற வடிவத்திலேயே வீடியோவைக் கேட்கும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியையும் வைத்தேன். டூயல் கோர் சிப்புக்கு விபி9 என்ற மற்றொரு வடிவ வீடியோவை விரிப்பது பெரும் பாரம். எச்264இல் 480பி பாடங்கள் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன.

ஏழும் ஒன்றாக

முடிவு இதுதான்: டூயல் கோர் நான்கு, ஐ3 மூன்று, ஆக ஏழிலும் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. டூயல் கோருக்கு ஆன்டிஎக்ஸ் இன்னும் வேகமாக இருக்கும், தெரியும். ஐ3இல் சினமன் இன்னும் அழகாக இருக்கும், அதுவும் தெரியும். ஆனால் ஏழும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது ஏழு மெஷினுக்கும் பொருந்தும். தங்கை ஒன்றில் கற்றுக்கொண்ட பழுதுபார்ப்பு மற்ற ஆறிலும் செல்லும். பக்கத்தில் கேரளத்தில் 2001இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். பள்ளிகளுக்கென்று உபுண்டு அடிப்படையில் ஒரே லினக்ஸ், அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். லினக்ஸ் அங்கே நிலைத்ததற்கு அதன் வேகம் காரணமல்ல, பள்ளிக்குள்ளேயே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததுதான்.

ஒரே மாதிரி என்பதால் வேலையும் குறைந்தது. ஒரு மெஷினில் எல்லாம் அமைத்து, குளோன்ஜில்லாவில் நகலெடுத்து மற்ற ஆறிலும் இறக்கினேன். போர்டு வேறாக இருந்தாலும் லினக்ஸ் பூட் ஆகும்போதே வன்பொருளைக் கண்டுகொள்ளும், மறுபடி டிரைவர் தேட வேண்டியதில்லை. மெஷினைத் தொடக்கிவைக்க ஜி31இல் பழைய பயாஸ் முறை மட்டுமே உண்டு, எச்61இல் புதிய யூஇஎஃப்ஐ முறையும் இருக்கும். அதனால் ஏழிலும் பழைய முறையில் பூட் ஆகும்படி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாதி மெஷின்களில் நகல் பூட் ஆகாது. இறக்கிய பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயரையும் உள் அடையாள எண்ணையும் மாற்றிவிடுவது அவசியம்.

ஏழும் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்கினால் எங்கள் நெட் தாங்காது. ஐ3 ஒன்றில் ஆப்ட் கேச்சர் என்ஜி போட்டேன். அது ஒரு முறை இறக்கியதை வைத்துக்கொண்டு மற்ற ஆறுக்கும் கொடுக்கும். டைம்ஷிஃப்ட் மின்ட்டிலேயே வருகிறது. அப்டேட்டுக்கு முன் ஒரு நிலைப்பிரதி எடுக்கவும் கெட்டுப்போனால் பின்னுக்குத் திரும்பவும் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் போன் அடித்து, “அண்ணே, நாலாம் நம்பர்ல சவுண்டு வரல, டைம்ஷிஃப்ட் போட்டுட்டேன், இப்ப வருது” என்றாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. எனக்குத் தெரியாத சந்தேகம் வந்தால் கணியம் இணைய இதழில் தேடுவேன், 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். சென்னையின் ஐலக்சி, விழுப்புரத்தின் விஜிலக் மாதிரி லினக்ஸ் பயனர் குழுக்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆள் பழக்கம் பெரிய துணை.

மிஞ்சிய இரண்டு

பென்டியம் 4க்கு ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பும் பப்பி லினக்ஸும் போட்டுப் பார்த்தேன். பப்பி முழுதாக ரேமில் ஏறி ஓடும், டிஸ்க்கே இல்லாத மெஷினிலும் உயிர் கொடுக்கும். இரண்டுமே பூட் ஆகின. பிரவுசரைத் திறந்ததும் 1 ஜிபி ரேம் மண்டியிட்டது. 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இன் சிப் மட்டுமே முழுப் பாரத்தில் 80 வாட்டுக்கு மேல் தின்னும். கரண்டுக்கும் காத்திருப்புக்கும் அது தகுதியில்லை. எல்லா பழைய மெஷினையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. விடுமுறை வகுப்பில் பிள்ளைகள் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டோம். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஐ5 மெஷின்தான் தொல்லை. படிப்பகத்தை நடத்தும் சங்கத்தின் கணக்கு டேலியில் இருக்கிறது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக அதை ஓட்டுகிறவர்கள் உண்டு, பல வருடக் கணக்கை அதில் வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிரின்டரும் ஒரு தடை. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் ஒரு பழைய லேசர் மாடல்தான் எங்களிடம் இருப்பது, லினக்ஸில் அதைப் பேசவைக்க இரண்டு இரவு முயன்றும் பாதிப் பக்கத்தோடு நின்றது. லினக்ஸுக்கு மாறப் போகிறவர்கள் முடிவெடுக்கும் முன் பிரின்டரை லைவ் பென்டிரைவில் சோதித்துவிடுங்கள். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரின்டர்கள் எங்கள் அனுபவத்தில் எளிதாக இருந்தன. எச்பியின் பழைய லேசர் சிலவற்றுக்கு எச்பிலிப் என்ற பிரின்டர் மென்பொருளோடு கூடுதலாக ஒரு பிளகின் இறக்க வேண்டும்.

ஒன்பதில் லைசென்ஸ் உள்ள விண்டோஸ் இருந்தது இது ஒன்றில்தான். அதனால் நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதிந்து வைத்திருக்கிறோம், 2026 அக்டோபர் 13 வரை வரும். மாணவர்கள் பிரின்ட் எடுக்க வேண்டியதைப் பென்டிரைவில் கொண்டு வந்து தங்கையிடம் கொடுக்கிறார்கள். ஐ5 மெஷினில் பிரவுசரைத் திறப்பதில்லை, மெயில் பார்ப்பதில்லை. அப்டேட் இறக்குகிற நேரம் தவிர நெட் கேபிள் கழற்றியே கிடக்கிறது.